ஸ்கேனை ஏமாற்றப் போனவர்

என் வீட்டுக்காரருக்கு பிஸ்கட் ஃபேக்டரியில் வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டால் 'குவாலிட்டி மேனேஜர்' என்று நெஞ்சை நிமிர்த்துவார். உண்மையில், சோதனை அதிகாரிகள் வருகிற அன்று ஓட்டை உடைசல் அவர்கள் கண்ணில் படாமல் மறைப்பதுதான் வேலை. விரிசல் விட்ட சுவருக்கு முன்னால் அட்டைப்பெட்டி அடுக்குவார். ஒழுகுகிற குழாய்க்குத் துணி சுற்றி, மேலே பெயின்ட் அடித்துவிடுவார். கூட வேலை பார்க்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பூச்சு'. அதையும் ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி வீட்டில் வந்து சொன்னார், வெட்கங்கெட்ட மனுஷன்.

இந்தப் பூச்சுக்குக் குடலில் கட்டி வந்து கல்லீரலுக்கும் பரவியது. நியூரோ எண்டோகிரைன் கட்டி என்றார்கள். ஹார்மோனைக் கண்டபடி சுரந்து தள்ளுகிற வகை. திடீர் திடீரென்று முகம் செக்கச்செவேலென்று ஆகும், வயிறு போகும். அதை அடக்க, தினமும் தானே தொடையில் போட்டுக்கொள்ளும்படி ஊசி கொடுத்திருந்தார்கள்.

அடுத்து ஒரு ஸ்கேன். டாக்டரம்மா எங்களுக்குப் புரியும்படிதான் சொன்னார்.

"கதிர்வீச்சு கலந்த மருந்த கொஞ்சமா ஏத்துவோம். அது கட்டியில போய் ஒட்டிக்கிட்டு படத்துல பளிச்சுன்னு தெரியும். நல்லா ஒட்டுச்சுன்னா, அதே மாதிரி வீரியமான மருந்த அனுப்பி கட்டிய அடிக்கலாம். ஸ்கேனுக்கு முந்தின நாள்லேர்ந்து உங்க ஊசிய மட்டும் போடாதீங்க. அதுவும் அதே இடத்துலதான் போய் உக்காரும், அப்புறம் எங்க மருந்து ஒட்ட இடம் இருக்காது."

நான் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டேன். இவர் காதில் ஏறியது ஒன்றே ஒன்று: பளிச்சென்று தெரிந்தால் மாட்டிக்கொள்வோம்.

படம் வந்தது. கல்லீரல் மங்கலாகக் கிடந்தது. இவருக்கு வாயெல்லாம் பல். டாக்டரம்மாவின் முகமோ சுருங்கிவிட்டது.

"முன்னாடி எடுத்த சி.டி. ஸ்கேன்ல இவ்ளோ கட்டி இருக்கு, ஆனா மருந்து ஒட்டவே இல்லையே! கட்டியோட குணம் மாறியிருக்கலாம். அப்படின்னா அந்த வைத்தியம் இவருக்கு ஆகாது."

இவர் வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன். செய்தித்தாளில் சுற்றிய காலி மருந்துக் குப்பிகள் உருண்டன.

"என்னங்க இது?"

"காலைல ரெண்டு ஊசி சேத்துப் போட்டுக்கிட்டேன். எவ்ளோ கிளீனா வந்துச்சு பாத்தியா!"

"அட அறிவு கெட்ட மனுஷா! யார ஏமாத்துறீங்க? உங்க கல்லீரல் என்ன பிஸ்கட் ஃபேக்டரியா?"

"டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாதடி. மானம் போயிடும்."

மானமாம், மண்ணாங்கட்டி! மறுநாளே அவரையும் குப்பிகளையும் டாக்டரம்மா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்தம்மா தலையில் அடித்துக்கொண்டு, இன்னொரு ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தார். இந்தத் தடவை ஊசிமருந்தெல்லாம் என் கைப்பைக்குள். குளியலறைக் கதவைக்கூடத் தாழிட விடவில்லை.

திரையில் கல்லீரல் முழுக்கப் பளிச் பளிச்சென்று புள்ளிகள். இவர் நாற்காலியில் அப்படியே சரிந்தார். டாக்டரம்மா, "அருமையா ஒட்டியிருக்கு. வைத்தியத்த ஆரம்பிச்சிடலாம்" என்றதும் நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

"இவ்ளோ கட்டியப் பாத்து உனக்கு என்னடி சந்தோஷம்?" என்றார்.

"இன்னும் கொஞ்ச வருஷம் உங்களத் திட்டலாமே, அதான்" என்றேன்.