பூன் லேக்கு இரண்டு பஸ், புகை விடாத எஞ்சினுக்கு ஒரு பூஜை

சிங்கப்பூர் வருகிறவர்கள் சிராங்கூன் ரோட்டில் நகை பார்ப்பார்கள், செந்தோசாவில் போட்டோ எடுப்பார்கள். மேற்குக் கோடியில் இருக்கிற பூன் லேக்கு எப்படிப் போவது என்று என்னிடம் இதுவரை ஒரே ஒருவர்தான் கேட்டார். அங்கே ஒரு பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறதாம். அவருக்காக, எழுபதுகளின் நடுவில் நான் முதல் தடவை அங்கே போய்வந்ததை எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருக்கலாம், நடந்ததில் இருக்காது. யார் என்னை என்ன சொன்னார்கள் என்பது எனக்கு மறந்ததே இல்லை.

அப்போது நான் பாசார் மலாமில் வடை போட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ரோட்டோரம் கூடுகிற சந்தைதான் அது. இன்று ஒரு பேட்டை, நாளை இன்னொன்று. கரண்டு கிடையாது, கடைக்கொரு குட்டி ஜெனரேட்டர். எனக்கும் பக்கத்துக் கடையில் கூவே என்ற மலாய்ப் பலகாரம் விற்ற ரொக்கையாவுக்கும் ஜெனரேட்டர் விற்றவன் செல்வராஜ். பூன் லே பக்கம் பட்டறை போட்டு, சின்ன எஞ்சின்களைச் செய்து விற்றவன். மிஷின் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் புகை! வடை வாங்க வருகிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே காசை நீட்டுவார்கள்.

மாடி வீட்டுக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். மிஸ்டர் டான் என்று ஓர் அதிகாரி வந்து பார்த்தார். புகை விடுகிற கடைக்கு அடுத்த மாதம் இடம் கிடையாது என்று சொல்லிவிட்டார். செல்வராஜைக் கூப்பிட்டோம். எஞ்சின் மேல் ஒட்டியிருந்த சோதனை ஸ்டிக்கரைத் தட்டிக் காட்டினான்.

"என் எஞ்சின் டெஸ்ட் பாஸ் ஆனதுதான்க்கா. புகை வர்றது உங்க வடைச் சட்டியில. பழைய எண்ணெய்ய மாத்துங்க லா."

இதை வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கும்போது சொன்னான். தினமும் புது எண்ணெய் ஊற்றுகிறவளைப் பார்த்துச் சொன்னான்.

"என் கண் முன்னால இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணுங்க" என்று டானிடம் கேட்டேன். எங்களுக்குள் பேச்செல்லாம் சந்தை மலாய்தான். செல்வராஜ் குறுக்கே வந்தான். "இவங்க மிஷினை இவங்களே கெடுத்து வச்சிருப்பாங்க. பட்டறைக்கு வாங்க, புதுசுல காட்டுறேன்." சனிக்கிழமை என்று முடிவானது. எஞ்சின் பாஸானால் குற்றம் என் சட்டி மேல் விழும், கடை போய்விடும். வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்தக் கடையால்தான்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தேக்கா சந்தையில் தேங்காய், பழம், பூ, கற்பூரம் வாங்கினேன். ஜெயித்தால் திரும்பும் வழியில் அம்மன் கோயிலில் அர்ச்சனை செய்வதாக நேர்ந்திருந்தேன். ரொக்கையா கூவே டப்பாவோடு வந்தாள். இரண்டு பஸ் மாற வேண்டும், இருபது கிலோமீட்டருக்கு மேல், எப்படியும் ஒன்றரை மணி நேரம். ஜூரோங் தாண்டினால் வழியெல்லாம் ஆலைக் கூரைதான். இறங்கும் இடம் தெரியாமல் டிரைவரைக் கேட்டேன். "பட்டறையா? மூக்கு அடைக்கிற இடத்துல இறங்கு" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

நாங்கள் போனபோது எஞ்சின் மேஜை மேல் ஓடிக்கொண்டிருந்தது. டான் ஒரு வெள்ளைத் துணியைப் புகைக் குழாய்க்கு நேராகப் பிடித்தார். துணி வெள்ளையாகவே இருந்தது.

"பாத்தீங்களாக்கா? மல்லிப்பூ மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே செல்வராஜ் சுவிட்சில் கை வைத்தான். டான் ஒட்டுவதற்குப் புது ஸ்டிக்கரை எடுத்தார்.

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. எனக்கு மிஷின் விற்ற அன்று என் கடையிலேயே முருகன் படத்துக்கு முன்னால் அதை ஓடவிட்டு, குங்குமம் வைத்து, பாட்டெல்லாம் பாடி, சூடம் அணைந்த பிறகுதான் நிறுத்தினான். "ஓடுற எஞ்சினைப் பூஜை முடியாம அணைச்சா விளங்காதுக்கா, இது நம்ம பட்டறை வழக்கம்" என்றும் சொன்னான். இன்று மட்டும் என்ன அவசரம்?

"தம்பி, கையை எடு. பூஜை எங்கே?"

"இன்னைக்கு எதுக்குக்கா? ஆபீசர் வெயிட் பண்றாரு."

"முருகன் மட்டும் வெயிட் பண்ணலாமா? சாமான் என்கிட்டயே இருக்கு. சுவத்துல இருக்கிற முருகன் படத்துக்குப் பல்பு போடு, இதே எஞ்சின்ல."

சுற்றி நின்றவர்கள் அவன் வேலையாட்கள். தன் வழக்கத்தை அவர்கள் முன்னால் அவனால் தள்ள முடியவில்லை. பல்பைப் போட்டான்.

விஷயம் புரியாவிட்டாலும் ரொக்கையா என் முகத்தைப் படித்துவிட்டாள். டப்பாவைத் திறந்து டான் முன்னால் மரியாதையாக நீட்டினாள். "சாப்பிடுங்க துவான், விடியக்காலையில செஞ்சது." டான் உட்கார்ந்துவிட்டார்.

நான் பூவை ஒவ்வொன்றாக வைத்தேன். பழத்தைத் துடைத்தேன். தீப்பெட்டியைத் தேடினேன், அது என் இடுப்பிலேயே இருந்தது. அம்மன் பாட்டில் தெரிந்ததெல்லாம் பாடினேன், தெரியாத அடியை இரண்டு தரம் பாடினேன். செல்வராஜ் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"அக்கா, சீக்கிரம்."

"சாமி காரியத்துல என்னடா சீக்கிரம்?"

தேங்காயை ஓங்கினேன். உடைப்பதற்குள் எஞ்சின் சத்தம் மாறியது. கீச்சென்று ஒரு கத்தல், பிறகு டக். பல்பு அணைந்தது. எஞ்சினைக் கிளப்புகிற கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள், அசையவே இல்லை.

டான் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். டாங்க் மூடியைத் திறந்து விரல் விட்டுத் தேய்த்துப் பார்த்தார். "வெறும் பெட்ரோல். ஆயில் எங்கே?"

"மறந்துட்டேன் சார்..."

பிறகு டானே எங்களுக்கு விளக்கினார். இந்த மாதிரி எஞ்சினுக்குப் பெட்ரோலோடு ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். அந்த ஆயில் எரிவதுதான் புகை. ஆயில் இல்லாவிட்டால் புகையும் இல்லை, ஆனால் கொஞ்ச நேரத்தில் உள்ளே உராய்ந்து இறுகிப்போகும். அதற்குள் செல்வராஜ் டெஸ்டை முடித்து அணைத்துவிடுவான். எங்களிடம் மட்டும் இரண்டு மடங்கு ஆயில் கலக்கச் சொல்லியிருந்தான், ஏனென்றால் அவன் செய்த மட்டமான வேலைக்கு அளவான ஆயில் போதாது. முதல் ஸ்டிக்கரும் இதே வித்தையில் வாங்கியதுதான்.

டான் ஸ்டிக்கரைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எஞ்சினைத் திருத்தும்வரை ஒன்றுகூட விற்கக் கூடாது, விற்றதையெல்லாம் திரும்ப எடுத்துச் சரி செய்து தர வேண்டும் என்றார். அடுத்த டெஸ்டுக்கு அவன் ஊற்றிவைத்த பெட்ரோல் வேண்டாம், கடைக்காரர்கள் கேனிலிருந்து ஊற்றுவோம் என்றார். என் கடை அதே இடத்தில் நின்றது. நான் கோயிலுக்கு முன்னால் இறங்கி, உடைக்காமல் வைத்திருந்த தேங்காயை அம்மனுக்கே கொடுத்தேன்.

செல்வராஜும் சும்மா சொல்லக் கூடாது, எஞ்சினை உருப்படியாகத் திருத்தினான். ஒரு நாள் கடைக்கு வந்து, "எஞ்சின் விஷயத்துல தப்புதான்க்கா, மன்னிச்சிடுங்க" என்றான். மன்னித்தேன். வடை கேட்டான், கொடுத்தேன். இரண்டாவது வடையும் கேட்டான்.

இப்போது போகிறவர்களுக்கு: லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் ஊதாக் கோட்டில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் பச்சைக் கோட்டுக்கு மாறினால் நேரே பூன் லே. ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து கிளம்புகிற கூட்டத்தில் திரும்பாதீர்கள், நிற்க இடம் இருக்காது. அங்கே சந்தையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு சாப்பிடுங்கள். அப்புறம் எந்த மிஷின் வாங்கினாலும், விற்கிறவன் அணைக்க வரும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓடட்டும், நீங்கள் டீ குடியுங்கள்.

செல்வராஜை இப்போதும் தேக்காவில் பார்க்கிறேன், கைத்தடியோடு வருவான். "சௌக்கியமாக்கா?" என்பான். சௌக்கியம்தான் என்பேன். எஞ்சினுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டான். என் எண்ணெயைப் பழைய எண்ணெய் என்று சொன்னதற்கு இன்னும் கேட்கவில்லை. நானும் காத்திருக்கிறேன்.