அம்மா குரல் கொடுத்த சனிக்கிழமைகள்

கனடாவில், டோர்செட் பார்க் அடுக்குமாடியில் எங்களுடைய முதல் குளிர்காலம் ஜப்பானியக் கார்ட்டூன்களுக்குள்ளேயே கழிந்தது. சனிக்கிழமைக் காலைகளில் வெளியே பனி சத்தமில்லாமல் கொட்டும். இரவு வேலை முடித்து வந்த அப்பா அதே அறையில் தூங்குவார் என்பதால் ரிவியும் சத்தமில்லாமல்தான் ஓடும். சுவரெல்லாம் நீல வெளிச்சம் நீந்தும்.

ஆங்கிலத்தில் டப்பிங் செய்து வந்தவை அவை. சத்தத்தைக் கூட்டினாலும் எங்களுக்கு விளங்கியிராது. ஆகவே அம்மாவே என் காதோடு குரல் கொடுப்பார். கதாநாயகன், வில்லன், ரோபோ எல்லாருக்கும் யாழ்ப்பாணத்துக் குரல்தான். தான் சொல்லி முடித்தும் திரையில் வாய் அசைந்தால் விடமாட்டார், “சாப்பிட்டியோ?” என்று ஒன்றைப் போட்டு நிரப்புவார். விண்வெளிச் சண்டைக்கு நடுவே எதிரிகள் அப்படி விசாரித்துக்கொண்டது எனக்குக் கொஞ்சமும் விசித்திரமாகப் படவில்லை.

அப்படிப் பார்த்த ஒரு தொடரில் ஒரு சிறுமிக்கு அண்ணன் இருந்தான். ஒருநாள் அவனுடைய விமானம் வெள்ளை ஒளிக்குள் புகுந்தது. பிறகு ஆளையே காணவில்லை.

“எங்கையம்மா போட்டான்?”

“தூரத்துக்குப் போட்டான். வருவான்.”

பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகளிடமும் விசாரித்தேன். ஆங்கிலத்திலும் அவன் தூரதேசம் போனதாகத்தான் சொன்னார்களாம். சின்னப் பிள்ளைகளுக்குச் சாவைக் காட்டக்கூடாதென்று டப்பிங் செய்தவர்கள் வெட்டி மாற்றியிருந்தார்கள். அது தெரியாமல் வகுப்பே அவனுக்காகக் காத்திருந்தது.

அவன் தூரம்தான் போயிருக்கிறான் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். என் அண்ணையும் அப்படித்தான். நாங்கள் கனடாவுக்குப் புறப்பட முன்னர் ஒரு காலை சைக்கிளில் போனவன் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது அம்மா என் நட்சத்திரத்தோடு அவனுடைய சதயத்தையும் சொல்லுவார். உயிரோடு இருப்பவர்களுக்குத்தானே அந்த அர்ச்சனை, நானும் நம்பினேன். வளர்ந்தபிறகு நம்பிக்கை போய்விட்டது. அப்போதும் சதயத்தை விடாத அம்மாவிடம் கேட்கத்தான் துணிச்சல் வரவில்லை.

போன மாதம் அந்தத் தொடர் இணையத்தில் கிடைத்தது. வெட்டாத ஜப்பானிய மூலம், கீழே ஆங்கில வரிகள். அம்மாவும் போர்வையோடு வந்து பக்கத்தில் இருந்தார். அதே வெள்ளை ஒளி. இந்த முறை அது அடங்கியபின் சிறுமியின் மடியில் அண்ணன் கிடந்தான். அவனுடைய வாய் அசைந்தது.

“என்ன சொல்லுறான்?” என்று அம்மா கேட்டார்.

இனி எனக்காகக் காத்திருக்காதே என்று கீழே வரி ஓடியது. எனக்குப் பயமாக இருந்தது.

“வருவானாம், அம்மா.”

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் நின்றபிறகும் அவன் வாய் கொஞ்சம் அசைந்தது. அம்மா அதை நிரப்பவில்லை.

“உவன் செத்திட்டான் பிள்ளை,” என்றார். “எனக்கு அப்பவே தெரியும்.”

எந்த அண்ணையைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஐயர் வழக்கம்போல நட்சத்திரங்களைக் கேட்டார். அம்மா என்னுடையதை மட்டும் சொன்னார்.