தெப்பத்தில் ஏழு பேர்

மும்பை செம்பூரில் ஒரு கூரியர் கம்பெனியின் கோடவுனில் சுடலைக்கண்ணனுக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். லிஃப்டில் ஆள் கூடிப்போய் மணி அடித்தால், இறங்கிப் படியேறுகிறவர் எப்போதும் அவர்தான். யாரும் இறங்கச் சொன்னதில்லை. வேண்டாமென்று ஒரு பாவியும் தடுத்ததுமில்லை.

போன மாதம், ஒற்றுமையை வளர்க்கிறோம் என்று கம்பெனி அவர்களைக் கர்ஜத்துக்குக் கூட்டிப்போய் ஏரிக்கரையில் விளையாட விட்டது. தெப்பத்தில் அக்கரை போய்ச் சேர்ந்தால் ஜெயம். ஆட்கள் எட்டுப் பேர். தெப்பமோ ஏழு பேரைத்தான் தாங்கும். யாரை விட்டுவிட்டுப் போவது என்று ஐந்து நிமிஷத்தில் முடிவு செய்யவேண்டும். மற்ற ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

“நான் நின்னுக்கிடுதேன், நீங்க போங்க” என்றார் சுடலைக்கண்ணன். ஜெயித்தவர்கள் அக்கரையிலிருந்து கை தட்டினார்கள். ஹெச்.ஆர். மானசா எதையோ குறித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவரைக் கூப்பிட்டாள். “ஒரு ஆளைக் குறைக்கணும் அங்கிள். அன்னிக்கு நீங்களே ஒதுங்கிண்டேளே. நீங்க இல்லாமலும் டீம் ஜெயிச்சுதே!”

கடைசி நாள் சாயங்காலம் டிபன் டப்பாவோடு அவர் லிஃப்டில் ஏறினார். பின்னாலேயே அந்த ஏழு பேரும் ஏறினார்கள். மணி அடித்தது. எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

பழக்கதோஷம், அவர் கால் தானாக வெளியே வந்துவிட்டது.