செவ்வாயின் வானத்தில் ஒரு சாண் நீலம்

மேற்குத் தாம்பரத்தில் என் பெயிண்ட் கடையை அப்போதுதான் திறந்திருந்தேன். பெயிண்டர் குமார் வந்து, எதுவும் வாங்காமல் நின்றான். "பாய், எஸ்தர் மேடம் பூட்டாங்க பாய். கீழ்க்கட்டளை வூட்லயே. நெஞ்சு வலியாம்." அப்படி என்ன அவசரம் இவருக்கு என்று கோபம்தான் எனக்கு முதலில் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது.

உங்களில் பலருக்கு அவர் காட்டாங்குளத்தூர்க் கல்லூரியில் இயற்பியல் நடத்திய சக ஆசிரியை. எனக்கு அவர் வாடிக்கையாளர், அதுவும் என் உயிரை எடுத்த வாடிக்கையாளர்.

2004 தொடக்கத்தில், செவ்வாயில் ஊர்திகள் இறங்கிய படங்களாகவே பேப்பர் நிறைந்திருந்த நேரம். கல்லூரிக் கண்காட்சிக்குக் கலர் வேண்டும் என்று வந்தார். எந்த ஷேடு என்றேன். "ஷேடு தெரியாது பாய், நம்பர்தான் இருக்கு" என்றார். பக்கத்தில் பறந்தபடி செவ்வாயை முதன்முதலில் படம் பிடித்த விண்கலம், அதை வெறும் எண்களாகத்தான் அனுப்பியதாம். இயந்திரம் அதைப் படமாக்கித் தரும்வரை அங்கிருந்தவர்களுக்குப் பொறுமை இல்லை. எண்கள் அச்சான காகிதப் பட்டைகளைச் சுவரில் ஒட்டி, எண்ணுக்கு ஒரு நிறமாகக் கையாலேயே தீட்டிவிட்டார்களாம்.

"அட, நம்பருக்கு ஒரு கலர்! இது நம்ம ஷேடு கார்டு வேலையாச்சே!" என்றேன்.

"அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தேன்."

அன்றிலிருந்து கல்லூரி விட்டு வரும் வழியில் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். நான் டப்பா எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அவர் பாட்டுக்குச் செவ்வாய்க் கதை சொல்வார். ஆரம்பத்தில் போன கலங்கள் பல வழியிலேயே ஊமையாகிவிட்டன. பின்னால் ஒன்று பத்திரமாக இறங்கி, இறங்கிய சூட்டோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. "தப்பா பேசினாலாவது திருத்திக்கலாம் பாய். பேசாமலே போயிட்டா என்ன பண்றது?" என்பார், சொந்தக்காரர் யாரோ காணாமல் போனதுபோல.

கண்காட்சி மண்டபச் சுவரில் குமார் பெரிய ஓவியம் ஒன்று தீட்டினான். செவ்வாய் மண்ணிலிருந்து வந்த முதல் கலர் படம். மேடம் கொடுத்த பழைய பத்திரிகைப் பக்கத்தைப் பார்த்து வரைந்தது. சிவப்பு மண், மேலே நீல வானம். கண்காட்சியைத் திறந்து வைப்பவர் கல்லூரித் தாளாளர். மேடத்தின் தற்காலிக வேலையை அந்த வருஷம் நிரந்தரம் ஆக்குவதாக வாக்குக் கொடுத்திருந்தவரும் அவர்தான்.

திறப்புக்கு முதல்நாள் காலை ஆட்டோவில் வந்து இறங்கினார் மேடம், முகமெல்லாம் வேர்வை. "பாய், வானம் தப்பு!"

அந்த முதல் படத்தை வெளியிட்டவர்களே நம் வானத்தைப்போல இருக்கும் என்று நீலமாக்கிவிட்டார்களாம். படம் எடுத்த கலத்தின் மேலேயே நிறம் சரிபார்க்கச் சில வண்ணக் கட்டங்களை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அதை வைத்துப் பார்த்தபோது வானம் மண் கலந்த வெளிர் ரோஜா நிறம் என்று தெரிந்து, திருத்தினார்களாம். "ஷேடு கார்டு அனுப்பியிருக்காங்க பாய். நான்தான் திருத்துன படத்தைத் தேடாம விட்டுட்டேன்."

கலந்து கொடுத்தேன். பலகையில் தடவிப் பார்த்து, சரியில்லை என்றார். "ஈரத்துல எல்லா கலரும் பொய் சொல்லும் மேடம், காயட்டும்" என்று அதட்டி உட்கார வைத்தேன். காய்ந்ததும் தலையாட்டினார். மத்தியானமே குமாரும் நானும் மண்டபத்துக்குப் போனோம். வானம் முழுக்க மாறியது. ஒரு மூலையில் மட்டும் ஒரு சாண் நீலத்தை விடச் சொன்னார்.

"இன்னாத்துக்கு மேடம்? பாக்குறவன் பெயிண்டு தீந்து பூச்சுன்னு நெனைப்பான்" என்றான் குமார்.

மேடம் தானே பிரஷ்ஷை வாங்கி அதன் கீழே எழுதினார்: முதலில் நாங்கள் பூசிய நிறம். தவறு.

அந்த நேரம் பார்த்துத் தாளாளர் வந்தார். "பெரிய மனுஷங்க வர்ற இடம்மா. அதையும் அடிச்சு விட்ருங்க. சொல்லலைன்னா யாருக்கும் தெரியாது."

"அதனாலதான் சார் சொல்லணும்."

குரலில் பணிவுக்குக் குறைவில்லை. பிரஷ்ஷைத்தான் அவர் கொடுக்கவில்லை. தாளாளர் திரும்பிப் போய்விட்டார். மறுநாள் விருந்தினர்களிடமும் மேடம் அந்த மூலையைக் காட்டித்தான் பேச்சை ஆரம்பித்தார்.

நிரந்தர வேலை அந்த வருஷம் வரவில்லை. கடைசிவரை வரவில்லை. "ஒரு சாண் நீலத்துக்காக வேலையைக் கெடுத்துக்கிட்டீங்களே" என்று திட்டினேன். "வேலை எங்க பாய் போச்சு? நிரந்தரம்தானே வரல" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் வருத்தமும் இருந்தது. நான் பார்த்தேன், பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

ஜெபக் கூட்டத்தில் அவரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். என்னால் முடியவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

நேற்று படப்பையிலிருந்து ஒருவர் வீட்டுக்குக் கலர் வாங்க வந்தார். இரண்டாவது டப்பாவில் நிறம் ஏற்றும் ஸ்டெயினர் கொஞ்சம் கூடிவிட்டது. சுவரில் ஏறினால் கண்டுபிடிக்கவே முடியாத வித்தியாசம். மூடியைத் திறந்து காட்டி, தப்பாகிவிட்டது, வேறு கலந்து தருகிறேன் என்றேன்.

அவர் ஆச்சரியப்பட்டார். "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே பாய்."

"அதனாலதான் சொன்னேன்."

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது. அவரிடம் கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, மேடம் உட்காரும் அந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.