பெட்டிக்குள் என்ன அடைப்பது

என் அண்ணன் குவைத்திலிருந்து இரண்டு பெட்டிகளாக வந்தான். முதல் பெட்டியில் அவனே வந்தான். ஒரு மாதம் கழித்து, அறை நண்பர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பிய அட்டைப்பெட்டியில் அவனுடைய சாமான்கள் வந்தன.

முதல் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று விமான நிலையத்திலேயே சொல்லிவிட்டார்கள். சாலை விபத்து, நாளும் கடந்துவிட்டது, திறந்தால் தாங்க மாட்டீர்கள் என்றார்கள். சென்னையிலிருந்து சித்தூர் வரைக்கும் அதன் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்து வந்தேன். கல்லறைத் தோட்டத்தில் திறக்காமலே இறக்கினோம். நைனா, எங்கள் அப்பா, தோள் கொடுக்கவில்லை. போதகர் ஜெபம் முடித்து, எல்லோரும் ஒரு பிடி மண் போட்ட பிறகு, நைனா கையில் இருந்த மண்ணைக் கீழே உதறிவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"மூஞ்ச யார்ரா பாத்தது?"

யாரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அவர் கேட்ட கேள்வி இது ஒன்றுதான். சோறு போடும்போது அம்மாவிடம் கேட்பார், பாலூற்ற வருகிறவனிடம் கேட்பார். பெரியவன் எங்கேயோ இருக்கிறான், வெறும் பெட்டியைக் கொண்டுவந்து புதைத்துவிட்டோம் என்பது அவருடைய கணக்கு. அம்மா அழுது ஓய்ந்துவிட்டாள். அவர் இன்னும் அழவே ஆரம்பிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நைனாவுக்குக் காது போய் வெகுகாலம் ஆகியிருந்தது. கிரானைட் குவாரியில் வெடி வைக்கிற வேலை. மெல்லிய சத்தங்கள் முதலில் போயின, பிறகு பேச்சு போயிற்று. லாரி உறுமல், மேளம், இடி மாதிரி அடிவயிற்றில் விழுகிற சத்தம் மட்டும் அவருக்கு மிச்சம். அண்ணன் குவைத்திலிருந்து கேசட்டில் பேசி அனுப்புவான். நைனா டேப்ரெக்கார்டரைக் காதோடு அழுத்திப் பார்த்து, "கீச்சு கீச்சுன்னுது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அட்டைப்பெட்டியில் அண்ணனுடைய சட்டைகளுக்கு நடுவே ஒரு பெரிய ஊஃபர் இருந்தது. கார்களில் பின்னால் வைப்பார்களே, அடிச்சத்தத்தை மட்டும் கொடுக்கிற ஸ்பீக்கர், அது. கூடவே ஒரு ஆம்ப்ளிஃபயர். நான் அப்போது திருப்பதியில் ஒரு கார் ஸ்டீரியோ கடையில் வேலை பார்த்தேன். மலைக்குப் போகிற சுமோக்காரர்கள் எல்லாம் 'டம்டம்' என்று அதிர வேண்டும் என்று கேட்க ஆரம்பித்திருந்த காலம். அண்ணன் திரும்பி வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் சித்தூரில் சொந்தக் கடை போடுவதாகப் பேச்சு. கடைசி கேசட்டில் அதைப் பற்றித்தான் பேசியிருந்தான். "ஊஃபர் வாங்கிட்டேன்டா. பெட்டிய நாமளே அடிக்கலாம். ஓட்ட இல்லாத பெட்டி, காத்து ஒரு சொட்டு வெளிய போவக்கூடாது. உள்ள இன்னா அடைக்கறதுன்னு நான் வந்து சொல்றேன்."

வந்து சொல்லவில்லை. பெட்டியை நான் மட்டும் அடித்தேன். தடிமனான பிளைவுட், மூலைகளில் மரத்தூள் கலந்த பசை, ஒயர் நுழையும் துளையில் மெழுகு. வீட்டு உள்ளறையில் வைத்து, கடையில் ஒதுக்கிப் போட்ட கார் பேட்டரியில் இணைத்தேன். சத்தத்துக்கு டேப்ரெக்கார்டர். அதன் சின்ன ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் ஆம்ப்ளிஃபயருக்கு இழுத்திருந்தேன். உள்ளே எந்த கேசட் இருக்கிறது என்று பார்க்காமலே பட்டனை அழுத்திவிட்டேன்.

அண்ணன் பேசினான். ஆனால் வார்த்தைகள் இல்லை. ஊஃபரில் பேச்சின் அடிப்பகுதி மட்டும்தானே வரும். பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஆள் பேசினால் எப்படிக் கேட்குமோ, அப்படி ஒரு முணுமுணுப்பு. இறங்குவதும் ஏறுவதும், நடுவில் நிறுத்திச் சிரிப்பதும், எல்லாம் அவன்தான். நிறுத்தப் போனேன்.

முன்னறையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த நைனா தலையைத் தூக்கினார்.

"பெரியவன் யாராண்ட பேசிக்கினு கீறான்?"

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். நைனா எழுந்து வந்து உள்ளறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை, எட்டியும் பார்க்கவில்லை. கேசட் முடிகிறவரை அப்படியே நின்றிருந்தார். பிறகு சொன்னார், "பேச்சு அவன்துதான். தொண்ட அவன்து இல்ல. கொடத்துக்குள்ள தலய வுட்டுக்கினு பேசறான்."

சரியாகத்தான் சொன்னார். வெறும் பெட்டியில் சத்தம் ஒரே சுருதியில் போய் மோதி மோதி வீங்கும். உள்ளே எதையாவது அடைத்தால்தான் அடங்கும். அடைத்தால் சின்னப் பெட்டிகூட ஊஃபருக்குப் பெரிய பெட்டியாகத் தெரியும் என்று எங்கள் கடை முதலாளி சொல்வார். ஆக, அண்ணன் விட்டுப்போன கேள்வி என் தலையில் விழுந்தது. உள்ளே என்ன அடைப்பது?

விடுமுறைக்குச் சித்தூர் வரும்போதெல்லாம் ஒன்றைக் கொண்டுவந்தேன். முதலில் பலகைக்கு உள்பக்கம் கார் தரைக்குப் போடுகிற கம்பளித் துணியை ஒட்டினேன். ஒரு வித்தியாசமும் இல்லை. அவ்வளவு கீழே இறங்குகிற சத்தத்தை அந்த மெல்லிய துணியா தடுக்கும்? அடுத்து இலவம்பஞ்சு. முதல் வாரம் நன்றாக இருந்தது, பிறகு எல்லாம் அடியில் படிந்துவிட்டது. தேங்காய் நாரில் கரகரத்தது. ஓட்டல் ஏசி வேலைக்காரரிடம் கண்ணாடிப் பஞ்சு வாங்கி அடைத்தேன். கையெல்லாம் அரித்தது, ஆனால் சத்தம் சுத்தமாக இருந்தது. நைனா நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார், "நல்லாதான் கீது. ஆனா இவன் வேற எவனோ ஆபீசர்." வருவது வரட்டும் என்று தலையணைக்கு அடைக்கிற நைலான் பஞ்சு ஒரு மூட்டையை அழுத்தி அழுத்தித் திணித்தேன். அப்போது நைனாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "தொண்டைய அடைக்கறடா அவனுக்கு."

கடையில் ஒருவன், திருப்பதியில் மயிருக்கா பஞ்சம் என்று பஸ் ஸ்டாண்டு பக்கத்து சலூனில் பெருக்கின முடியை ஒரு பை நிறையக் கொடுத்தான். எனக்கும் புத்தி போயிற்று, வாங்கி வந்துவிட்டேன். அம்மா பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு வெளியே வீசினாள்.

"செத்தவன ஏன்டா பேச வெக்கற?" என்றாள். "அந்த ஆளு நம்பிக்கினு கீறாரு. நீயும் ஏத்தி வுடறியா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. கேசட் ஓடுகிற நேரமெல்லாம் அவள் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். எனக்கும் சொல்லத்தான் நினைப்பு: நைனா, இது வெறும் கேசட். ஆனால் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அவர் சட்டை மாற்றிக்கொண்டு நிலைக்கருகே வந்து நிற்பார். மகனைப் பார்க்கப் போகிற ஆள் மாதிரி தலை வாரியிருப்பார். எனக்கும் அந்த முணுமுணுப்பு வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்கிற வரைக்கும் அண்ணன் உள்ளறையில்தான் இருந்தான்.

கடைசியில் முதலாளிதான் "உன்னி பெட்டு ரா" என்றார். உன்னி என்றால் தெலுங்கில் ஆட்டு உரோமம், அதைப் போடு என்கிறார். பலமனேர் பக்கம் கம்பளி நெய்கிறவர்களிடம் போய் ஒரு சாக்கு வாங்கிவந்தேன். அலசி, காயவைத்து, கையால் பிரித்துப் பிரித்து, திணிக்காமல் தளர்வாக நிரப்பினேன். ஊஃபரை வைத்து ஸ்குரூ முடுக்கிக் கேசட்டைப் போட்டேன்.

நைனா வந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் அவருடைய விரல்கள் நிலையிலிருந்து நழுவிக் கீழே வந்தன.

"இவன்தான்," என்றார். "இப்ப இவன்தான்."

கேசட் முடிந்தது. இதுவரை வாசலைத் தாண்டாதவர் உள்ளே வந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார்.

"தொற," என்றார்.

நான் டேப்ரெக்கார்டரின் மூடியைத் திறந்தேன்.

"பெட்டிய. அன்னிக்கி தொறக்கல இல்ல. இன்னிக்கி தொற."

உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டால், மண்ணில் இறக்கிய அந்தப் பெட்டியிலும் ஒன்றுமில்லை என்றுதானே முடிவு கட்டுவார்? பக்கத்து வீட்டிலிருந்து அம்மா திரும்பி வந்து வாசலில் நின்றிருந்தாள். அவளைப் பார்த்தேன். தொறடா என்று கண்ணைக் காட்டினாள்.

ஸ்குரூக்களைக் கழற்றி ஊஃபரைத் தூக்கி ஓரமாக வைத்தேன். நைனா வட்டத் துளைக்குள் கையை விட்டார். உரோமத்தைக் கொத்துக் கொத்தாக எடுத்து மடியில் போட்டார். முழங்கை வரை போயிற்று, தோள் வரை போயிற்று. பின்பலகையை விரலால் தட்டிப் பார்த்தார். மூலை மூலையாகத் தடவினார். அறை முழுக்க ஆட்டு வாசம்.

காலியான பெட்டியை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். சுலபமாக எழும்பியது. அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கி நீ தூக்கின இல்ல?"

தலையசைத்தேன்.

"கனமா இருந்துதா?"

இத்தனை நாளில் இதை அவர் கேட்டதில்லை. முகத்தைத்தான் கேட்டார். முகத்துக்கு என்னிடம் பதில் இல்லை. கனத்துக்கு இருந்தது. என் வலது தோள் ஒரு வாரம் வலித்தது.

"இருந்துது நைனா," என்றேன்.

"காதுல வுழல. சத்தமா சொல்லு."

அவர் காதருகே குனிந்து கத்தினேன். "கனமா இருந்துது." தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தரம் கத்தினேன்.

பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். மடியில் கிடந்த உரோமத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். காது கேட்காதவர் அழுகை, எவ்வளவு சத்தமாக அழுகிறோம் என்று தெரியாத அழுகை. அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கையை வைத்தாள்.

ரொம்ப நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் உரோமத்தை வாரிப் பெட்டிக்குள் போட ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, அந்தக் கொத்தை வாங்கி, இழை இழையாகப் பிரித்து உள்ளே விட்டார்.

"பிச்சிப் போடுடா," என்றார். "கட்டியா போட்டா அவனுக்கு மூச்சு முட்டும்."