மருமகளின் முதல் எள்ளு

எங்கள் வீட்டில் எள்ளுக்கென்று தனியாக டப்பா கிடையாது. அமாவாசைக்கு முந்தின நாள் ஒரு சின்னப் பொட்டலம் வாங்குவேன். வீட்டுக்காரர் அவருடைய அப்பா அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவார். மீந்ததைக் காக்கைக்கு வைக்கிற சோற்றில் கலந்துவிடுவேன். அதற்குப் பிறகு ஒரு பொட்டு எள் வீட்டில் இருக்கக் கூடாது. எள்ளை நான் யார் கையிலிருந்தும் வாங்க மாட்டேன், யார் கையிலும் கொடுக்க மாட்டேன். கடைக்காரர்கூடப் பலகை மேல் வைத்தால்தான் எடுப்பேன். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டால் தெரியாது. எங்கள் பக்கத்து ஜனம் எல்லோருமே அப்படித்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழி மாதத்தில், கல்யாணமாகி ஏழு மாதமே ஆன மருமகள் வைட்ஃபீல்டிலிருந்து ஆபீஸ் வண்டியில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள்.

“அத்தே, சங்கராந்திக்கு நான் எள்ளு பீரணும். மதுவே, அதான் கல்யாணம், ஆன மொதல் வருஷம். கண்டிப்பா பண்ணணும்.”

அவள் கன்னடப் பெண். என் மகனோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவள். நான் முப்பது வருஷமாகப் பெங்களூர் ஆடுகோடியில் இருப்பதால் அவள் என்ன சொல்கிறாள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். வெள்ளை எள், வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கொப்பரைத் துண்டு, வெல்லத் துண்டு எல்லாம் கலந்து, கூடவே சர்க்கரையில் வார்த்த பொம்மைகள், கரும்பு, மஞ்சள் குங்குமம் வைத்து, வீடு வீடாகப் போய்க் கொடுப்பார்கள். அதுதான் எள்ளு பீருவது. புதுப்பெண் என்றால் சுமங்கலிகளுக்கு வாழைப்பழமும் சேர்த்துத் தர வேண்டும், முதல் வருஷம் ஆளுக்கு ஐந்து பழம். வருஷா வருஷம் கீழ்வீட்டு அம்மா இதைக் கொண்டுவரும்போது நான் சாமர்த்தியமாகக் குளியலறைக்குள் போய்விடுவேன். வீட்டுக்காரர்தான் வாங்கி வைப்பார்.

இப்போது என் வீட்டிலேயே கலந்து, என் வாசலிலிருந்தே கொண்டுபோக வேண்டும் என்கிறாள். எந்த வருஷத்தில்? அந்த ஐப்பசியில்தான் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஸ்டென்ட் வைத்துக் கூட்டிவந்திருந்தோம். அந்த எட்டு நாளும் நான் அம்மன் பெயரைச் சொல்லிச் சொல்லியே மூச்சு விட்டேன். அப்படித் தப்பி வந்த மனிதர் உட்கார்ந்திருக்கிற வீட்டில் எள்ளா? ஆனால் அவள் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

“பண்ணலாம்மா” என்றேன்.

மறுநாள் மாடிப்படியில் மேல்வீட்டுக்காரியைப் பார்த்தேன். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரி. வெள்ளிக்கிழமை தோறும் என்னோடு கோவிலுக்கு வருகிறவள். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“நீ எதுக்கு சண்டை போடப் போற? பண்ணட்டும் விடுக்கா. கையில மட்டும் வாங்கிடாத. சாமிகிட்ட வச்சிடும்மா, அப்புறம் எடுத்துக்கறேன்னு சொல்லிடு. மரியாதையாவும் இருக்கும், தோஷமும் ஒட்டாது.”

எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. நிம்மதியாகக் கீழே இறங்கினேன்.

அதற்குப் பிறகு வேலையில் மனது இறங்கிவிட்டது, பொய் சொல்வானேன். எள்ளை வைத்துக் கொடுக்கப் பெட்டி வேண்டும் என்றாள். கடையில் பிளாஸ்டிக் டப்பா வாங்கலாம் என்றாள். நான் லாஃப்டில் இருந்த கல்யாணப் பத்திரிகைக் கட்டை இறக்கினேன். பத்திரிகைகளை நாங்கள் தூக்கிப் போடுவதில்லை. மேலே பிள்ளையார் இருப்பார், பெருமாள் இருப்பார், குப்பையில் எப்படிப் போடுவது? இருபது வருஷத்துப் பத்திரிகை சேர்ந்திருந்தது. நல்ல கெட்டி அட்டை. நான்கு மூலையிலும் கத்தரி போட்டு, ஓரங்களை மடக்கி, மைதாப் பசை தடவினால் கைக்கு அடக்கமாக ஒரு பெட்டி வந்தது. சாமி படம் மூடிக்கு மேலே வருகிற மாதிரி பார்த்துக்கொண்டேன். பத்திரிகைகளில் தொங்கின தங்கநிறக் குஞ்சங்களை மாவிலைக்கு நடுநடுவே கட்டினேன். வாசலுக்கு அப்படி ஒரு தோரணம் அந்தத் தெருவில் யாருக்கும் இல்லை.

மருமகள் பசை ஒட்டுவாள். வீட்டுக்காரர் ஒவ்வொரு பெட்டியாக எடுத்து உள்பக்கம் இருக்கிற பெயரைப் படிப்பார்.

“இவன் கல்யாணத்துல ரெண்டாம் பந்திக்கு ரசமே இல்ல. இந்தப் பெட்டியக் கீழ்வீட்டுக்குக் குடுக்காத.”

“பெட்டிக்கு என்னங்க தெரியும்?”

“எனக்குத் தெரியுமில்ல.”

லேத் பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் இரும்பு கடைந்தவர். டாக்டர் பட்டறைப் பக்கமே போகக் கூடாது என்றதும் கை கால் கட்டிப் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார். கொப்பரையும் வெல்லமும் நறுக்குகிற வேலையை மருமகள் அவர் முன்னால் வைத்ததும் மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. பட்டறையில் அளவு பார்க்கிற பழைய காலிப்பரைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒரு துண்டுக்கும் இன்னொரு துண்டுக்கும் வித்தியாசம் காண முடியாது.

“மாவா, இவ்ளோ கரெக்டா வேண்டாம்” என்று அவள் மாமனாரைப் பார்த்துச் சிரித்தாள்.

“இருக்கட்டும்மா. இன்ஸ்பெக்ஷன்ல திருப்பி அனுப்பிட்டா?”

சர்க்கரைப் பொம்மை வார்ப்பதற்கு அவளுடைய அம்மா கிளி, துளசி மாடம் என்று மர அச்சுகள் அனுப்பியிருந்தார். சர்க்கரையைப் பாகு காய்ச்சி, பால் விட்டு அழுக்கெடுத்து, நூலால் கட்டின அச்சில் ஊற்ற வேண்டும். முதல் நாள் எல்லாக் கிளிக்கும் கழுத்து ஒடிந்தது. துளசி மாடம் பாதியோடு நின்றது. மருமகளுக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்காரர் அச்சை முகர்ந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார்.

“அச்சு காஞ்சு கெடக்குது. ராத்திரி முழுக்கத் தண்ணியில போடு. ஆறறதுக்கு முன்னாடி தொறக்காத. இரும்பா இருந்தாலும் சர்க்கரையா இருந்தாலும் வார்ப்பு ஒண்ணுதான்.”

மறுநாள் கிளிகள் முழுசாக வந்தன. ஒடிந்த கிளிகள் எங்கே போயின என்று தேடினால் வீட்டுக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். சர்க்கரை வியாதியும் இருக்கிற மனிதர்! அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் எள்ளுப் பயம்கூட மறந்துபோயிற்று.

ஆனால் அது போகவில்லை, உள்ளேயேதான் இருந்தது. போகிக்கு முந்தின நாள் மருமகள் ஆபீஸிலிருந்து போன் செய்து, கால் கிலோ எள்ளு வாங்கி வையுங்கள் அத்தே என்றாள். கடைக்குப் போனேன். எள்ளு என்று சொல்வதற்கே ஒரு மாதிரி இருந்தது. கடைக்காரர் பலகையில் வைத்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். சாயந்திரம் அவள் வந்து பிரித்தாள். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

“அய்யோ அத்தே, இது கருப்பு! இது அப்பாவுக்கு விடறது.”

அவளுக்கு அப்பா இல்லை. அண்ணன்தான் திதி கொடுக்கிறான். அவள் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஓரமாக நின்றாள். நான் வழக்கமாக வாங்குகிறவள் என்பதால் கடைக்காரர் வழக்கமான எள்ளையே கட்டிக் கொடுத்துவிட்டிருக்கிறார். நானும் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவர்களுக்கும் எள்ளில் பயம் உண்டு. கருப்பை விலக்கி வைத்துவிட்டு வெள்ளையைக் கும்பிட்டு எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குத்தான் எந்த நிறமாக இருந்தாலும் எள் எள்தான்.

“உங்களுக்கும் இப்பிடித்தானா அத்தே? எந்த எள்ளும் தொட மாட்டீங்களா?”

“அப்பிடியெல்லாம் இல்லம்மா, பழக்கமில்ல, அவ்வளவுதான்” என்று மழுப்பினேன். அவளே போய் வெள்ளை எள் வாங்கிவந்து வறுத்துக் கலந்தாள். நான் பெட்டிகளை அடுக்கினேன். நிரப்புகிற நேரத்தில் எனக்கு அடுப்படியில் ஏதோ வேலை வந்துவிட்டது.

பண்டிகையன்று காலையில் சூரியனுக்குப் பொங்கல் வைத்துக் கும்பிட்டோம். மகன் அப்பாவோடு உட்கார்ந்து கரும்பு கடித்தான். சாயந்திரம் மருமகள் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு, தலை நிறைய கனகாம்பரத்தோடு, விளக்கேற்றினாள். முதல் பெட்டியைச் சாமிக்குக் காட்டிவிட்டு, அதன்மேல் ஐந்து வாழைப்பழமும் ஒரு கிளியும் வைத்து, இரண்டு கையாலும் என் முன்னால் நீட்டினாள். வீட்டில் மூத்த சுமங்கலி நான்தானே.

என் கை எழும்பவில்லை. வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைக்குள் இருக்கிற நெஞ்சுதான் எனக்குத் தெரிந்தது.

“சாமிகிட்ட வச்சிடும்மா. அப்புறம் எடுத்துக்கறேன்” என்றேன்.

அவள் பெட்டியைக் கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைத்தாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். மரியாதையாக இருக்கும் என்று மேல்வீட்டுக்காரி சொன்னது சரிதான். மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் அவள் எழுந்தபோது முகத்தில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் குறைந்திருந்ததை நான் பார்த்தேன்.

தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன். கீழ்வீட்டு அம்மா வாசலிலேயே “பா பா, ஒளகே பா, ஹொஸ சொஸே!” என்று கன்னத்தை வழித்து உள்ளே கூட்டிப்போனார். புது மருமகள் வந்த குதூகலம் அவருக்குத்தான் அதிகம். பெட்டியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிள்ளையார் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். “எங்க அத்தே” என்றாள் இவள். எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது.

அடுத்து மேல்வீடு. அவள் கதவைத் திறந்து, “வாடி ராஜாத்தி!” என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். மருமகள் பெட்டியை நீட்டினாள். மேல்வீட்டுக்காரி இரண்டு கையையும் முந்தானையில் துடைத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தாள்.

“சாமிகிட்ட வச்சிடும்மா, அப்புறம் எடுத்துக்கறேன்.”

சொல்லிவிட்டு, மருமகள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.

வார்த்தைக்கு வார்த்தை அதேதான். மருமகள் நீட்டின கையோடு அப்படியே நின்றாள். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் எங்கோ நின்று இவளைப் பற்றிப் பேசி, இவளுக்கு என்ன பதில் சொல்வது என்று முடிவு செய்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அந்த முகத்தை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்த பெண் தப்பான வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி நின்றாள்.

தாயே, தப்பு இருந்தா என்னோட போகட்டும், அவர் மேல வைக்காதே என்று மனதுக்குள் சொன்னேன். சொல்லிவிட்டு, அவள் நீட்டியிருந்த கைக்கு முன்னால் போய் என் இரண்டு கையையும் ஏந்தினேன்.

“இது என்னுது. மொதல்ல எனக்குக் குடு.”

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. வைத்தாள். பெட்டி லேசாகத்தான் இருந்தது. அங்கேயே, அந்த வாசலிலேயே மூடியைத் திறந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். அள்ளின வேகத்தில் நாலைந்து எள் கீழே சிந்தியது.

“ஏன்க்கா!” என்றாள் மேல்வீட்டுக்காரி. “உனக்கு பயமா இல்ல?”

வாய் நிறைய இருந்தது. மென்றேன். வெல்லமும் கொப்பரையும் கடலையும் ஒன்றாகக் கரைந்தன. எள் பல்லுக்கு நடுவில் பொரிந்தது.

மேல்வீட்டுக்காரி கடைசிவரை கையில் வாங்கவில்லை. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், கொஞ்ச நேரத்துக்கு முன்னால்வரை நானும் அவளும் ஒன்றுதான். மருமகள் வேறொரு பெட்டியை எடுத்து, அவளுடைய பூஜை அலமாரியில் வைத்துவிட்டு, அவளுக்கும் நமஸ்காரம் செய்துவிட்டே வந்தாள்.

படியில் இறங்கும்போது கேட்டாள்.

“அத்தே, நிஜமா சொல்லுங்க. பயமா இருக்கா?”

“இருக்கும்மா. இப்பவும் பயமாத்தான் இருக்கு.”

“அப்போ ஏன் சாப்ட்டீங்க?”

இன்னும் இரண்டு வீடு பாக்கி இருந்தது. தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

“நீ பழத்தை எடுத்துக்க. எள்ளை நான் குடுக்கறேன்” என்று சொல்லி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.