அழிக்காமல் தப்பிய கோப்பு

மன்னார் உப்புக்குளத்தில் நானும் என் கணவரும் ஒரு சின்ன டைப்பிங் கடை வைத்திருக்கிறோம். வாடிக்கையாளர் எழுத்து எதுவும் எங்கள் கணினியில் தங்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். காணி விண்ணப்பமோ கல்யாண அழைப்பிதழோ, அவர்களுடைய பென்டிரைவில் திறந்து அதிலேயே சேமிப்போம். பிறகு வேர்ட் விட்டுப்போகும் தற்காலிகக் கோப்புகளைத் தேடித் தேடி அழிப்பது கணவரின் வேலை. மனிதருக்கு அதில் அப்படியொரு வெறி. வீட்டில் தேத்தண்ணி குடித்த கோப்பையை மட்டும் கழுவி வைத்ததில்லை.

போன வருடம் கொண்டச்சி ஊர்ப் பிள்ளை ஒருத்தி தன் பட்டப்படிப்புக்கான ஆய்வைத் தட்ட வந்துபோனாள். இடம்பெயர்ந்த பெற்றோருக்குப் புத்தளத்தில் பிறந்து, ஊர் திரும்பியவள். ஊர்க் கிணறுகள் உவர்ப்பாவதைப் பற்றித்தான் எழுதினாள். அன்று கடைசி நாள்; மறுநாள் ஒப்படைக்காவிட்டால் ஒரு வருடம் வீண். கடைசிப் பக்கத்தைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, சோளகக் காற்று எங்கோ கம்பியை அறுத்து, கரன்ட் போய்விட்டது.

கரன்ட் வந்ததும் அவளுடைய பென்டிரைவை என் மேசைக் கணினியில் போட்டோம். கோப்பு திறக்கவேயில்லை. பக்கத்தில் அதே பெயரில், முன்னால் ஒரு நெளிகோடும் டொலர் குறியுமாக இன்னொரு குட்டிக் கோப்பு.

“அக்கா, என்ட எழுத்து இதுக்குள்ள இருக்கும்தானே?”

“இல்லை தங்கச்சி. கோப்பை ஆர் திறந்து வச்சிருக்கினம் எண்ட பேர் மட்டும்தான் இதில இருக்கும். உங்களிட்ட வேற கொப்பி இருக்கோ?”

“முதல் அத்தியாயம் மட்டும்தான் இருக்கு.” அவளுடைய முகம் வெளுத்துவிட்டது.

அப்போதுதான் நினைவு வந்தது. ஆபத்துக்கு உதவட்டும் என்று வேர்ட் இடைக்கிடை ஒரு நகலைக் கணினியிலேயே ஒளித்து வைக்கும். திரும்பிப் பார்த்தால், கணவர் அவள் தட்டிய கணினியின் முன்னே குந்தி, அழிக்க வேண்டியதை எல்லாம் தெரிவு செய்துவிட்டார்.

“கையை எடுங்கோ!”

நான் போட்ட சத்தத்தில், போட்டோக் கொப்பி எடுக்க வந்தவரும் கையை எடுத்துவிட்டார்.

“வழக்கமாச் செய்யிறதுதானே?” என்றார் கணவர், பாவமாக.

“வழக்கம் கிடக்கட்டும். எழும்புங்கோ.”

அதே கணினியில் வேர்டைத் திறந்தேன். இடது பக்கத்தில், மீட்ட கோப்பு என்று ஒன்று வந்து நின்றது. அத்தனை அத்தியாயங்களும் அதில் இருந்தன. கடைசியாகத் தட்டிய நன்றியுரை மட்டும் இல்லை. “அல்ஹம்துலில்லாஹ்” என்று அவள் அழுதாள். நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

நன்றியுரையைத் திரும்பவும் தட்டினாள். பெற்றோர், ஆசிரியர்கள், கிணற்றடியில் பேசிய பெண்கள் எல்லாருக்கும் பிறகு ஒரு வரி: ‘சொன்ன உடனே கையை எடுத்தவருக்கு.’ கணவருக்குக் காது சிவந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது.

“அக்கா, குடுத்திட்டன்.”

“இதை அவரிட்டயும் சொல்லுங்கோ, தங்கச்சி.” போனைக் கணவரிடம் நீட்டினேன்.